லம்பத்து மண்ணில் தண்ணீர்

மலேசியாவில், ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டில் ஆம்புரோஸ் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். மங்கு ஆம்புரோஸ் என்று கேட்டுப் பாருங்கள், கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வந்து வாசல்வரை கொண்டுவிட்டுப் போவார். எழுபதுகளில் அந்தப் பெயர் அவருக்கு அப்படி ஒட்டிக்கொண்டது. மங்கு என்பது ரப்பர் மரத்தில் கம்பி வளையத்துக்குள் உட்கார்ந்து பால் பிடிக்கும் மண் கோப்பை. வெளியே எப்படிச் சொரசொரத்தாலும் உள்ளே வழவழவென்று இருக்க வேண்டும். அந்த வழவழப்புக்கான பூச்சைக் கலக்குவதுதான் ஆம்புரோஸின் வேலை. வேலை என்று அவர் முன்னால் சொல்லிவிடக் கூடாது. "டிபார்ட்மெண்ட்" என்று சொல்ல வேண்டும்.

அந்த டிபார்ட்மெண்ட், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. இரண்டு சிமெண்டுத் தொட்டி, ஒரு தராசு, ஏழு பெண்கள். கொட்டகைக்குப் பின்னால் மேட்டுச் சரிவில் நீளமாகப் படுத்திருக்கும் சூளை. அதற்கும் பின்னால் சுண்ணாம்பு மலை. சூளைக்குச் சொந்தக்காரர் வோங் என்ற சீனர், எல்லோருக்கும் தவுக்கே, அதாவது முதலாளி. அரைக்கால் சட்டையும் உள்பனியனும்தான் எப்போதும் அவர் உடை. முதலாளி யார், வேலைக்காரர் யார் என்று புதிதாக வருபவர்கள் குழம்பிப் போவார்கள். ஏனென்றால் ஆம்புரோஸ் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், பையில் மூன்று பேனாவோடு, அந்த மண்ணுக்கும் புழுதிக்கும் நடுவில் மாப்பிள்ளை மாதிரி நிற்பார். மூன்று பேனாவில் ஒன்றுதான் எழுதும்.

சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவர். ஐம்பது வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்த தங்கை பெட்ரீசியாதான் வீட்டில் சமைத்துப் போட்டுத் திட்டவும் செய்வார். ஆம்புரோஸிடம் சிவப்பு அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. எந்தப் பூச்சுக்கு எந்தப் பொருள் எத்தனை பங்கு என்று அதில் ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருப்பார். ரப்பர் கட்டைச் சாம்பல் இத்தனை பங்கு, மலைச் சுண்ணாம்புக்கல் பொடி இத்தனை பங்கு, வெள்ளைக்கல் பொடி இத்தனை பங்கு. கடைசியாக, கப்பலில் காகித மூட்டையாக வரும் வெள்ளைவெளேர் என்ற சீமை மண். இதில் மண்தான் பிடிமானம். மண் குறைந்தால் நெருப்பில் பூச்சு இளகி ஓடிவிடும். கூடினால் சுருண்டு விலகிவிடும். இதை அவர் பெண்களுக்கு வாரம் ஒரு முறையாவது விளக்குவார். அவர்களும் புதிதாகக் கேட்பது போலவே கேட்டுக்கொள்வார்கள். மனிதர் நல்லவர், சொல்லிவிட்டுப் போகட்டுமே என்ற எண்ணம்தான்.

நல்லவர் என்று நான் சும்மா சொல்லவில்லை. எழுபத்தொன்றில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். தலைமுறையாகப் பால் வெட்டிய ஜனம் லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு ரோட்டுக்கு வந்தது. அது ஆம்புரோஸின் அப்பா பெர்னார்ட் பால் ஸ்டோரில் கிராணியாக, பால் நிறுத்துக் கணக்கு எழுதுபவராக, வேலை பார்த்த தோட்டம். ஆம்புரோஸ் பிறந்ததும் அங்கேதான். சேதி கேட்ட அன்றே தவுக்கேயிடம் நின்று, பூச்சுக் கொட்டகைக்கு ஆள் வேண்டும் என்று வாதாடி, சூளை லோரியை எடுத்துக்கொண்டு போனார். பெண்களிடம், "பால் மரம் போனா போகட்டும், மங்கு இருக்குலா. நான் இருக்கிற வரைக்கும் ஒங்களுக்கு வேலை இருக்கு" என்று வாக்குக் கொடுத்தார். ஏழு பேர் ஏறி வந்தார்கள். அந்த வாக்கை அவர்கள் மறந்தாலும் அவர் மறக்கவில்லை.

ஏழு பேரில் ஒருத்தி ராக்காயி. நாற்பது வயது, ஒடிசலான உடம்பு, பேச்சு குறைவு. மற்றப் பெண்கள் கேலியாக அவளைத் "தண்ணிக்கார ராக்கு" என்பார்கள். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்று ஆம்புரோஸ் நினைத்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதுதான் முக்கியமானது. சூளைக்குப் பின்னால் மூன்று கிழட்டு ரப்பர் மரங்கள் நின்றன. ஒவ்வொரு சூளை இறக்கியதும் ராக்காயி அதில் பால் வெட்டி, புது மங்கு நாலைந்தில் ஊற்றி வைப்பாள். மறுநாள் காலையில் பால் கட்டியாகியிருக்கும். விளிம்பில் நகத்தைக் கொடுத்து உரிப்பாள். ஒரே தோலாகக் கழன்று வந்தால் பூச்சு நல்ல பூச்சு. எங்காவது ஒட்டிப் பிய்ந்தால் அந்த மங்கு ஆகாது. அதை மரத்தில் கட்டினால் வெட்டுகிறவள் தினமும் நின்று சுரண்டிக்கொண்டிருக்க வேண்டும். முந்நூறு மரத்துக்கு மேல் ஓடுகிறவளுக்கு அதற்கு நேரம் ஏது? தோட்டத்துக்காரர்கள் மங்கு வாங்க வந்தால் தவுக்கே முதலில் ராக்காயியைத்தான் கூப்பிடுவார். ராக்காயி தலையாட்டினால் வியாபாரம் முடிந்த மாதிரி.

இப்படி எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எழுபத்துநாலு வந்தது. எண்ணெய் விலை ஏறிற்று, கப்பல் கூலி ஏறிற்று, சீமை மண் விலை மலை உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. தவுக்கே ஒரு நாள் கொட்டகைக்கு வந்து, காலி மூட்டை ஒன்றை உதறிக் காட்டினார். இனி இந்த மண் வாங்கிக் கட்டுப்படியாகாது. பூச்சே இல்லாத பூந்தொட்டி செய்தால் போதும், பூச்சுக் கொட்டகையே வேண்டாம். தீபாவளிக்குள் ஒரு தோட்டத்துக்குப் பத்தாயிரம் மங்கு தர வேண்டும். அதற்குள் உள்ளூர் மண்ணில் பூச்சு வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்று சூளை பொறுப்பேன், அதற்கு மேல் என்னால் ஆகாது. இத்தனையையும் தவுக்கே கடைத்தெருப் பேச்சான பாசார் மலாயில் கோபமில்லாமல் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட ஆம்புரோஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"போலே கா?" என்று கடைசியில் கேட்டார் தவுக்கே. முடியுமா என்று அர்த்தம்.

"போலே, தவுக்கே" என்றார் ஆம்புரோஸ், முடியுமா முடியாதா என்று ஒரு நொடிகூட யோசிக்காமல். அவர் கண் அப்போது தொட்டிக்கு அருகில் நின்ற ஏழு பேர் மேல் இருந்தது.

மண் இல்லாத ஊரா ஈப்போ? லம்பம் என்று சொல்லும் ஈயச் சுரங்கக் குழிகள் கைவிடப்பட்டுக் குட்டை குட்டையாகக் கிடந்தன. ஈயத்தைக் கழுவிய தண்ணீர் ஓடி நின்ற இடத்தில் நைஸான வெள்ளை மண் படிந்து கிடக்கும். தொட்டால் பவுடர் மாதிரி இருக்கும். ஆம்புரோஸ் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, அதே வெள்ளைக் கால்சட்டையோடு, நாலு லம்பத்தில் இறங்கி ஏறினார். துணி துவைக்கிற பெட்ரீசியா அன்று என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. நாலாவது லம்பத்து மண் சூளையில் சுட்டும் வெள்ளையாகவே இருந்தது. அதையே எடுத்தார். லோரிக்காரர் சீனி மூன்று நாள் கழித்து முதல் லோரியைக் கொண்டுவந்து கொட்டினார்.

ஆம்புரோஸ் நோட்டைத் திறந்தார். சீமை மண் என்று இருந்த இடத்தில் கோடு போட்டு லம்பத்து மண் என்று எழுதினார். எத்தனை பங்கு என்பதை மாற்றவில்லை. சீமை மண் நிறுத்த எடைக்கே இதையும் தராசில் நிறுத்து, சாம்பலோடும் கல்பொடியோடும் தொட்டியில் போட்டார். கலக்கும்போதே பூச்சு அடியில் போய்க் கட்டியாக உட்கார்ந்துகொண்டது. பெண்கள் துடுப்பால் கிளறிக் கிளறித் தோய்த்தார்கள். சூளை எரிந்து ஆறி, வாசலைப் பிரித்தார்கள். பூச்சு நெருப்பில் இளகி ஓடி, மங்குக்கு மங்கு ஒட்டிக்கொண்டு, பத்துப் பத்தாக ஒரே கட்டியாக நின்றது. பிரித்தால் உடைந்தது.

"மண்ணு பத்தல" என்றார் ஆம்புரோஸ். "லம்பத்து மண்ணு சீமை மண்ணு மாதிரி வீரியமா இருக்காது. நாலுக்கு ஒண்ணு கூடப் போடணும்." நோட்டில் கூட்டி எழுதினார். பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். ராக்காயி மட்டும் மண் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வந்தாள், சொல்லாமல் தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போய்விட்டாள்.

இரண்டாவது லோரி வந்தது. கூட்டி எழுதிய அளவில் மண் போட்டார்கள். இந்த முறை பூச்சு தொட்டியில் கஞ்சி மாதிரி கெட்டியாக நின்றது. ஆம்புரோஸுக்குச் சந்தோஷம். ஆனால் மங்கில் தோய்த்து உலர்த்தும்போதே பூச்சு வெயிலில் காய்ந்த குளம் மாதிரி வெடித்தது. சூளையில் அந்த வெடிப்பு எல்லாம் சுருண்டு, பூச்சு துளித்துளியாக உருண்டு விலகி, நடுவில் வெறும் மண் பல்லைக் காட்டியது. ராக்காயி சம்பிரதாயத்துக்குப் பாலை ஊற்றி வைத்தாள். மறுநாள் உரித்தபோது பாதி கையோடு வந்தது, பாதி மங்கோடு நின்றது. தவுக்கே வந்து பார்த்தார். இரண்டு விரலைக் காட்டினார், பிறகு ஒரு விரலைக் காட்டினார். இரண்டு போயிற்று, ஒன்று பாக்கி.

அன்று மத்தியானம் பெண்கள் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி, "திரும்பவும் பெட்டியக் கட்ட வேண்டியதுதான்" என்றாள். ஆம்புரோஸ் அதைக் கேட்காதவர் போல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த தராசையே மூன்றாவது தடவையாகத் துடைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கத்தான் அந்தத் துடைப்பு எல்லாம்.

ராக்காயி வந்து தள்ளி நின்றாள்.

"என்னலா?" என்றார் ஆம்புரோஸ். "இந்த மண்ணுக்குப் புத்தி கெட்டுப் போச்சு ராக்காயி. ஒரு தடவை பத்தாம ஓடுது. நாலுல ஒரு பங்குதான் கூட்டினேன், அதுக்குப் போய் இப்பிடிச் சுருளுது. ஒரே லம்பம், ஒரே குழி. கிறுக்குப் பிடிச்ச மண்ணு."

"அண்ணே, ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"மொத லோரி வந்ததுக்கு முந்தின நாளு நல்ல மழை."

"ஆமா."

"ரெண்டாவது லோரி வந்தப்ப பத்து நாளா வெயில்."

ஆம்புரோஸ் அவளைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. "நீங்க மண்ண நிறுத்தீங்களா அண்ணே, தண்ணிய நிறுத்தீங்களா? சீமை மண்ணு மூட்டையில காஞ்சு வருது. இது மழையில கெடந்து வருது. பார்க்கக் காஞ்ச மாதிரித்தான் இருக்கும், உள்ள பூரா தண்ணி. பால் ஸ்டோர்ல ஒங்க அப்பா வெறும் பாலையா நிறுத்தாரு? கரண்டியில கொஞ்சம் எடுத்து, மருந்து ஊத்திக் கட்டியாக்கி, பிழிஞ்சு காயவச்சு, காஞ்ச ரப்பர் எவ்வளவுன்னுல்ல பார்ப்பாரு! ஒரு சொட்டுத் தண்ணி கூட இருந்தாலும் பிடிச்சிருவாரு. நீங்க என்னடான்னா லோரி லோரியா தண்ணிய வாங்கிப் போட்டுட்டு மண்ணத் திட்டுறீங்க."

பால் கிராணி பெர்னார்டின் மகன், ஊரெல்லாம் பாலில் தண்ணீர் பார்த்த மனிதரின் மகன், ஈர மண்ணைக் காய்ந்த மண் என்று இரண்டு தடவை நிறுத்திருக்கிறார். இத்தனை படித்தும் இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லையே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கம் அவரிடம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஒனக்கு எப்பத் தெரியும் இது?"

"மொத லோரியில கை வச்சப்பவே."

"அப்புறம் ஏன்லா வாயைத் திறக்கல? ரெண்டு சூளை போச்சு! ஒன் வேலையும்தானே இதுல இருக்கு?"

ராக்காயி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "நான் எப்பிடிண்ணே சொல்றது? நான் தண்ணிக்காரி மக. நான் போயி தண்ணின்னு சொன்னா இதுக பூரா சிரிக்கும்."

அப்போதுதான் ஆம்புரோஸுக்கு அந்தக் கதை தெரிந்தது. ராக்காயியின் அம்மா கருப்பம்மாள். அந்தத் தோட்டத்திலேயே வேகமாக வெட்டக்கூடியவள். ஒரு நவம்பர் மாதம் அவள் கொண்டுவந்த பாலில் ரப்பர் பாதிதான் தேறிற்று. ஆற்றுத் தண்ணீரைக் கலந்துவிட்டாள் என்று எழுதினார்கள். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆள் எண்ணுகிற இடத்தில், தோட்டமே பார்க்க வாளியைத் தூக்கிக்கொண்டு அவளை நிற்க வைத்தார்கள். மேட்டு நிரையில், தான் வெட்டும் மேட்டு மரவரிசையில், மழை பெய்தது, மங்குக்குள் மழைத் தண்ணீர் விழுந்துவிட்டது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கீழே எல்லா நிரையும் காய்ந்து கிடந்தது, யார் நம்புவார்கள்? அன்றிலிருந்து அவள் தண்ணிக்காரி கருப்பம்மாள். சாகிற வரைக்கும் அந்தப் பேர்தான். பிள்ளைகளுக்கும் அதே பேர்.

ஆம்புரோஸுக்கு அப்பா சொன்ன ஒரு மழை நினைவுக்கு வந்தது. வேலையிலிருந்து நின்ற பிறகு பெர்னார்ட் கிராணி கடைசி வருடங்களைத் தைப்பிங்கில் கழித்தார். மழைக்குப் பேர்போன ஊர். ஒரு மத்தியானம் ஜன்னல் ஓரம் படுத்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், யாரும் கேட்காமலே மகனிடம் சொன்னார்: "அன்னைக்கு மேட்டு நிரையில மழை பெஞ்சத நான் பார்த்தேன்டா. ஆபீஸ் வாசல்லேர்ந்து பார்த்தா தெரியும். தொரை பக்கத்துல நின்னாரு. நான் வாயைத் திறக்கல." எந்த மழை, யாருடைய நிரை என்று ஆம்புரோஸ் அன்று கேட்கவில்லை. காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று போர்வையை இழுத்துவிட்டார்.

இப்போது தெரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே ராக்காயியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை, நான் எதற்கு அவருக்குப் பூசி மெழுக வேண்டும்?

வீட்டுக்குப் போனவர் அலமாரி மேலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினார். அப்பாவின் சின்னப் பித்தளைத் தராசு. ஸ்டோரில் பாலைச் சோதிக்க வைத்திருந்த தராசு, வேலை முடிந்து வரும்போது தோட்டத்தில் கொடுத்தது. பெட்ரீசியா எதற்கு என்று கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"அத ஊருக்குச் சொல்லப் போறியா?" என்றார் பெட்ரீசியா. "செத்துப் போனவர இழுத்துக் கேவலப்படுத்தணுமா?"

"தெரியலம்மா."

பெட்ரீசியா அடுப்பில் இருந்த இடியாப்ப மாவைக் கிளறி வறுத்தார். பிறகு, "அந்தப் பொம்பளையும் செத்துத்தானே போயிட்டா" என்றார்.

மறுநாள் கொட்டகையில் பித்தளைத் தராசை எடுத்து வைத்ததும் ராக்காயி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்வாங்கினாள். அவளுக்கு அதை அடையாளம் தெரிந்தது. "நீங்க நிறுங்கண்ணே, நாங்க பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றாள்.

"நீ நிறு" என்றார் ஆம்புரோஸ். "மண்ணப் பார்த்தது நீ. நீதான் நிறுக்கணும்."

ராக்காயி குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்து நிறுத்தாள். இரும்புத் தகட்டில் போட்டுச் சூளை வாய்ப் பக்கம் காயவைத்தாள். மொறுமொறுவென்று ஆனதும் திரும்ப நிறுத்தாள். இரண்டாவது லோரி மண்ணில் நூற்றுக்கு ஏழு பங்குதான் தண்ணீர். மூலையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த முதல் லோரி மிச்சத்தில் முப்பதுக்கு மேல். ஆம்புரோஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். முதல் முறை மண் குறைந்து ஓடியிருக்கிறது. இரண்டாவது முறை, காய்ந்த மண்ணிலேயே நாலுக்கு ஒன்று கூட்டிப் போட்டதால் சுருண்டிருக்கிறது. மண்ணுக்கு ஒரு கிறுக்கும் இல்லை.

காய்ந்த எடைக்குச் சரியாகப் போட்டு ஐந்தாறு மங்கில் தோய்த்துப் பார்த்தார்கள். முன்பைவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் உலரும்போது மயிரிழை மாதிரி மெல்லிய வெடிப்பு. லம்பத்து மண் சீமை மண்ணைவிடப் பசை அதிகம், காய்ந்தால் அதிகம் சுருங்கும். இது ஆம்புரோஸின் டிபார்ட்மெண்ட். பெட்ரீசியா இடியாப்பத்துக்கு மாவை ஏன் வறுக்கிறார் என்று ஐம்பது வயதில் முதல் தடவையாக யோசித்தார். வறுத்தால் பசை போகும். மண்ணில் பாதியைத் தகட்டில் போட்டு, சூளை வாயில் செக்கச் சிவக்கச் சுட்டுப் பொடியாக்கி, மீதிப் பாதியைப் பச்சையாகவே சேர்த்தார். வெடிப்பு நின்றது. அன்று வீட்டுக்குப் போய்த் தங்கையின் சமையலைப் புகழ்ந்தார். பெட்ரீசியா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மூன்றாவது சூளைக்கு நெருப்பு வைத்தார்கள். தவுக்கே சூளை வாசலில் ஊதுவத்தி ஏற்றினார். பெண்கள் முனியாண்டிக்கு ஒரு சேவல் என்று நேர்ந்துகொண்டார்கள். ஆம்புரோஸ் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, யாரும் பார்க்காதபோது ஊதுவத்திக்கும் ஒரு கும்பிடு போட்டார். பாதுகாப்புக்கு இருக்கட்டுமே.

சூளை ஆறித் திறந்தபோது மங்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், உள்ளே தேன் நிறத்தில் மின்னிக்கொண்டு நின்றன. பார்வைக்கு நன்றாக இருந்தால் போதுமா? ராக்காயி பால் வெட்டி ஐந்து மங்கில் ஊற்றி வைத்தாள். அன்றைய பொழுது ஆம்புரோஸுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள்.

காலையில் தவுக்கே, சூளையாட்கள், ஏழு பெண்கள், லோரிக்காரர் சீனி, எல்லோரும் கொட்டகையில் கூடிவிட்டார்கள். ராக்காயி முதல் மங்கை எடுத்தாள். விளிம்பில் நகத்தைக் கொடுத்தாள். இழுத்தாள். பால் தோல் முழுசாக, சின்னக் கிண்ணம் மாதிரியே, அவள் கையோடு வந்தது. உள்ளே ஒரு பொட்டு ஒட்டவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை உரிக்கும்போதே பெண்கள் கூச்சல் போட ஆரம்பித்துவிட்டார்கள். தவுக்கே ஐந்தையும் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "போலே" என்று மட்டும் சொன்னார். அவர் சிரித்து அன்றுதான் பலர் பார்த்தார்கள்.

வேலை நிலைத்தது. வாக்கும் நிலைத்தது. ஆம்புரோஸ் அதோடு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மனிதர் பூச்சுத் தொட்டிப் பக்கம் போய் நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "லேடீஸ், எல்லாரும் இங்க வாங்க. பெரட்டு" என்றார்.

பெரட்டு என்ற சொல்லைக் கேட்டதும் ஏழு பேரும் தங்களையறியாமல் வரிசையாக நின்றார்கள். அப்புறம் தாங்களே சிரித்தார்கள். ஆம்புரோஸ் சிரிக்கவில்லை.

"ஒங்க எல்லாருக்கும் தெரியும், பெர்னார்ட் கிராணி எங்க அப்பா. அவரு சாகிறதுக்கு முந்தி எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு." தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார். "கருப்பம்மாள் பாலுல இருந்தது மழைத் தண்ணி. அந்தம்மா கலக்கல. மேட்டு நிரையில மழை பெஞ்சத அப்பா கண்ணால பார்த்தாரு. தொரைக்குப் பயந்துக்கிட்டு சொல்லல. பெரட்டுல வச்சுத்தான் அந்தம்மாவ அவமானப்படுத்தினாங்க. அதனால பெரட்டுல வச்சே சொல்றேன். தப்பு எங்க அப்பா மேல. எனக்குத் தெரிஞ்சும் ரெண்டு வாரம் மறைச்சேன். அது என் மேல."

தண்ணிக்கார ராக்கு என்று கேலி செய்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ராக்காயி கையில் இருந்த பால் தோலை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"மேட்டு நிரைன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஆமா ராக்காயி. மேட்டு நிரைன்னுதான்."

"எங்கம்மாவும் அதத்தாண்ணே சொன்னா" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு, நாற்பது வயதுப் பெண் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். பெண்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். ஆம்புரோஸ் என்ன செய்வது என்று தெரியாமல், எழுதாத பேனா ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். விஷயம் புரியாத தவுக்கே, மங்கு நன்றாக வந்ததற்கா இப்படி அழுகிறார்கள் என்று சீனியிடம் கேட்டார்.

பத்தாயிரம் மங்கும் தீபாவளிக்குள் போய்ச் சேர்ந்தன. சிவப்பு நோட்டில் சீமை மண் திரும்ப ஏறவே இல்லை. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், பெரட்டு நடந்து மூன்றாம் நாளே அடுத்த மண் லோரி வந்தது. அதுவரை எத்தனை மழை பெய்திருந்தது என்று ஈப்போக்காரர்களைக் கேட்டால் தெரியும். ஆம்புரோஸ் பித்தளைத் தராசைப் பெட்டியோடு ராக்காயியிடம் கொடுத்து, "இனிமே இது ஒன் டிபார்ட்மெண்ட்" என்றார். அவளும் வாங்கிக்கொண்டாள். ஒரு பிடி எடுத்தாள், நிறுத்தாள், காயவைத்தாள், திரும்ப நிறுத்தாள்.

லோரிக்காரர் சீனி நிலைகொள்ளாமல் நின்றார். இத்தனை ரகளைக்கும் காரணம் தன் ஈர லோரிதான் என்று அவருக்குள் ஒரு பயம். "என்னக்கா, ரொம்பத் தண்ணியா?" என்று கேட்டார்.

"நூத்துக்கு இருபத்தெட்டு" என்றாள் ராக்காயி. தராசைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "மழை பெஞ்சிருக்கு சீனி. ஒம் மேல தப்பு இல்ல."